விடலைப் பருவத்தார்க்கு நூல் எங்கே?

மாந்தன் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். பெண்டிர்க்குப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களை வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மடந்தை என்பது 14 முதல் 19 வரையுள்ள அகவைக்கு உரியது. ஆடவர்க்கும் மீளி, மறவோன், காளை, விடலை என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. குழந்தைமை கழிந்தும் முதிர்ச்சி எய்தாத அவ் இடைப்பருவத்தை அவர்கள் உற்று நோக்கியிருந்தனர் என்பதற்கு இப் பெயர்களே சான்று. பருவத்திற்குப் பெயர் உண்டு. அப் பருவத்தார் கையிற் கொடுக்க நம்மிடம் நூல் உண்டா?

இவ் வினாவை உள்ளத்திற் கொண்டு சிறுகதைத் தொகுப்புகள் சிலவற்றையும் இளையோர் புதினங்கள் சிலவற்றையும் அண்மையிற் படித்தேன். படித்த அளவில் எனக்குத் தோன்றியவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

ஆங்கிலத்தில் இப் பருவத்தார்க்கெனவே தனிப் புதினத்துறை வளர்ந்து நிற்கின்றது. எசு. ஈ. இன்டன் என்னும் அமெரிக்கப் பெண் பள்ளி மாணவியாய் இருந்தபோதே எழுதிய புதினம் 1967இல் வெளிவந்து அத் துறைக்குக் கால்கோளாயிற்று. 1997 முதல் 2007 வரை ஏழு மடலங்களாக வந்த ஆரி பாட்டர் கதைகளை நம் நகரத்துப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து படித்தனர். பிறமொழி நூலைப் படிப்பது குற்றமன்று. தமிழில் தமக்கெனப் படிக்க ஒன்றுமில்லை என்று பதின்மூன்றாம் அகவையில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுவதே கேடு. அவ் அகவையில் தாய்மொழி நூலைக் கீழே வைத்தவன் பின்னர் அதனை எடுப்பது அரிதினும் அரிது.

நம் நிலை யாது? பன்னிரண்டு அகவை வரை பேசும் நரியும் பறக்கும் குதிரையும் வரும் கதைகள் உள்ளன. அதன்பின் நேரே பெரியவர்க்கான புதினங்கள். இடையிலோ பெரும்பள்ளம்.

எனினும் அப் பள்ளத்தைத் தாண்டுதற்குரிய கற்கள் நம் சிறுகதைத் தொகுப்புகளில் முன்னரே கிடக்கின்றன. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்னும் தொகுப்பு, அவர் மறைந்த 1970ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. அத் தலைப்புக் கதையில் வரும் சாரங்கன் என்னும் சிறுவன், மற்றப் பிள்ளைகட்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காத நிலையில், நாட்குறிப்பு ஒன்றைத் தானே கொணர்ந்து நீட்டித் தனக்கு அன்பளிப்பென எழுதித் தருமாறு கேட்கின்றான். ஒதுக்கப்பட்ட பிள்ளையின் உள்ளம் எவ்வளவு ஆழமானது என்பதனை அவ் ஒரு செய்கையே காட்டிவிடுகின்றது. ஆசிரியர் அறவுரை ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

கி. இராசநாராயணனின் ‘கதவு’ கதையும் அத்தகையதே. தீர்வை நிலுவைக்காக ஏழையின் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டு போகின்றனர். அக் கதவில் தொற்றி ஆடி மகிழ்ந்த பிள்ளைகட்கு ஆட்டம் போயிற்று. காப்பற்ற வீட்டில் வாடையால் கைக்குழந்தையின் உயிரும் போயிற்று. ஆட்சியாவது யாது, வறுமையாவது யாது என்று பத்துப் பக்கக் கட்டுரையிலும் விளங்காதது, அக் கதவை மீண்டும் கண்டு பிள்ளைகள் அணைத்துக் கொள்ளுமிடத்தில் விளங்கிவிடுகின்றது. இவை சிறார்க்கென எழுதப்பட்டவை அல்ல. ஆயின் சிறாரை மதித்து எழுதப்பட்டவை.

புதினங்களுள் பூமணியின் ‘வெக்கை’ (1982) என்னை வியப்பில் ஆழ்த்தியது. தன் அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டுத் தந்தையோடு காட்டிலும் மேட்டிலும் திரியும் பதினைந்து அகவைச் சிதம்பரமே அதன் தலைவன். கொலைக் கதையை இளையோர்க்குக் கொடுப்பதா என வினவுவார் உளர். நாள்தோறும் திரையில் அவர்கள் காணும் கொலைகட்கு விலை இல்லை. இப் புதினத்தில் ஒரு கொலைக்குக் குடும்பம் முழுதும் விலை கொடுக்கின்றது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவரின் கதை. தன் அகவைப் பிள்ளை ஒருவன் சாதியின் பெயரால் எவ்வாறு கட்டுண்டு கிடந்தான் என்று பள்ளி மாணவன் அறிதல் வேண்டாவா?

அண்மையில் வந்தவற்றுள் யெசு. பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, சிறுமியர்க்கு நேரும் தீத்தீண்டலைப் பெரியோர் பேசத் தயங்கும் இடத்திற் பேசுகின்றது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது. அங்குக் கிடைத்த பானையோட்டிற் பொறித்திருந்த ஆதன் என்னும் பெயர் ஈராயிரம் ஆண்டு கடந்து ஒரு கதைச் சிறுவனுக்கு வாய்த்தது கண்டு மகிழாத தமிழர் யார்? இவ் இரண்டும் முறையே 2020, 2023ஆம் ஆண்டுகட்குரிய சிறுவர் இலக்கியத்திற்கான சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றவை. ஆயினும் இவை பள்ளத்தின் இக்கரையிலேயே நிற்கின்றன. பதினாறு அகவையார்க்கு இன்னும் வேண்டும்.

இனி மொழி. இளையோர் பேச்சைக் காட்டுகின்றோம் என்று பக்கந்தோறும் ஆங்கிலச் சொற்களை அள்ளித் தெளிப்போர் ஒருசார். அஃது இயல்பன்று, சோம்பல். கரிசற் சிற்றூர்ப் பேச்சில் எழுந்த கதைகளைப் பார்மின்! ஏரும் ஆடும் மழையும் பற்றிய எத்தனை எத்தனை நற்றமிழ்ச் சொற்கள்! அவற்றைத் திரட்டி அகராதியாகவே 1982இல் வெளியிட்டார் கி. இராசநாராயணன். ஏட்டிற் காணாத தூய தமிழ் உழவன் நாவில் வாழ்கின்றது.

மறுசாரில் நம்மவரும் உள்ளனர். அவர்க்கும் ஒன்று சொல்லியாதல் வேண்டும். கதைமாந்தர்க்கு அழகிய தமிழ்ப் பெயர் சூட்டி, மேடையுரையை அவர் வாயில் திணித்து, இறுதியில் அனைவரையும் திருத்திவிடும் கதைகளை நாம் நிரம்ப எழுதிவிட்டோம். சொல் தூயதாயிருந்தும் உயிர் இல்லையேல் இளைஞன் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவான். அவனுக்குப் பொய்யை மணந்து பார்க்கத் தெரியும். தூய தமிழ் கதைக்கு உடல். உண்மையே அதற்கு உயிர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் தக்க சிறுகதைகளைத் தேர்ந்து, வட்டாரச் சொற்கட்குப் பொருள் சேர்த்து, மாணவர்க்குத் தொகுத்துத் தருக. நூலகங்கள் பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ளார்க்கெனத் தனித் தட்டு ஒன்று ஒதுக்குக. எழுதவல்லோர் இளையோரின் நாணமும் சினமும் காதலும் தோல்வியும் அறிந்து அஞ்சாது எழுதுக. பெற்றோர் அந் நூல்களைத் தாமும் படிக்க.

மொழியைக் காக்குமாறு இளைஞனிடம் வேண்டுமுன், அவன் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கத் தமிழில் ஒரு நூல் கொடுப்போம். கொடுத்தபின் வேண்டவே வேண்டியதில்லை.