வேகக் கருவிக்கு எதிர்க்கருவி எது?

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை செல்லும் பாதையில் எதிரே வரும் பஸ் வண்டி விளக்கைச் சிமிட்டினால் அதன் பொருளை அறியாத சாரதி இல்லை. "முன்னே பொலிசார் நிற்கின்றனர்" என்பதே அது. இவ்வாறு எச்சரிப்பது குற்றமா? பொலிசாரின் கருவியை ஏய்க்க வண்டியில் வேறொரு கருவியைப் பூட்டலாமா? லொறி ஓட்டும் தோட்டத்து இளைஞரும், வெலிமடையிலிருந்து மரக்கறி அனுப்பும் விவசாயிகளும் எம்மிடம் கேட்கும் வினாக்கள் இவை.

முதலாவது, அலைகளை எழுப்பிப் பொலிஸ் கருவியைக் குழப்புவது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றி வானொலி அலைகளை வெளியிடும் கருவியைப் பயன்படுத்தலாகாது. இதற்கு நியாயம் கற்பிக்க எவராலும் இயலாது.

இரண்டாவது, அலைகளை உணர்ந்து சாரதிக்கு மட்டும் அறிவிக்கும் கருவி. 1949ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி அது குற்றமன்று என 1998இல் ஆங்கில நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பொலிஸ் கருவியின் அலை 'செய்தி' ஆகாது என்பதே காரணம். அத்தீர்ப்பு அந்நாட்டுச் சட்டத்தின் சொற்களில் நிற்பது. அதனை நம்பி இங்கே பணத்தைக் கொட்டுதல் மதியீனம்.

மூன்றாவது, விளக்குச் சமிக்ஞை. 1907, 1910ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இருவேறு ஆங்கில வழக்குகள் உள்ளன. எச்சரிக்கப்பட்டோர் வேக வரம்பை மீறினர் என்பதற்குச் சான்றில்லாத வழக்கில் எச்சரித்தவர் குற்றவாளியல்லர் எனப்பட்டது. மீறிக்கொண்டிருந்தோரைத் தப்புவித்த வழக்கிலோ அது பொலிசாரின் கடமைக்கு இடையூறு எனப்பட்டது. எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்தல் குற்றமே.

சட்டம் கிடக்கட்டும், உயிர் என்னாவது? 2021 மார்ச் 20இல் பசறையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினான்குக்குக் குறையாதோர் மாண்டனர். 2025 செப்டம்பர் 4இல் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேரைப் பறிகொடுத்தோம். இவை வேகத்தால் மட்டுமே நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. ஆயின் இம்மலைப்பாதை எந்தத் தவறையும் மன்னிப்பதில்லை.

அப்படியாயின் பொலிசார் கூறுவதெல்லாம் வேதவாக்கா? அன்று! குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவருடையது. கருவி காட்டிய வேகத்தைக் காட்டுமாறு கேளுங்கள். கருவி செவ்வையாகப் பரிசோதிக்கப்பட்டதா என்று நீதவான் முன் வினவச் செய்யுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆகவே விளங்காத மொழியில் எழுதிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடாதீர்கள். தமிழில் விளக்கம் கோருங்கள். வளைவுதோறும் வேக வரம்புப் பலகை தமிழிலும் நிற்கவேண்டும் என்று நாம் அரசைக் கேட்போம்.

வேகத்தை அடக்கிய கால், உரிமையை அறிந்த நா: சாரதிக்கு வேறு எதிர்க்கருவி வேண்டியதில்லை.