புள்ளி இழந்த முகவரி

சென்ற விடுமுறையிலே பழைய மாணவனொருவன் என் இல்லம் வந்தான். மன்னார் மாவட்டத்து ஊர்ப்பெயர்களையும் அவற்றின் வரலாற்றையும் தொகுத்து இணையத்தளமொன்று அமைத்து வருகின்றானாம். "ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் பக்கம் வருகிறது, சேர். தமிழில் 'உயிலங்குளம்' என்று இட்டால் அப்படியொரு பக்கமே இல்லை என்கிறது" என்றான். பிறந்த ஊரை இல்லையென்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வருந்தாது?

அவன் கையாண்டது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜாங்கோ' என்னும் மென்பொருட் சட்டகம். இத்தகைய சட்டகத்தில் வழித்தடப் பட்டியலொன்று உண்டு. கட்டுக்கரைக் குளத்து நீர் எந்த வாய்க்கால் வழியே எந்த வயலுக்குச் செல்ல வேண்டுமென்று வகுத்திருப்பது போல, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பதை அப்பட்டியல் வகுக்கின்றது. கணினி அதனை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஆதலால் 'ஊர்/புதியது' என்ற சிறப்பு வழியை முன்னும், 'ஊர்/ஏதேனும் ஒரு பெயர்' என்ற பொது வழியைப் பின்னும் எழுதுதல் வேண்டும். மாறி எழுதினால், 'புதியது' என்பதும் ஓர் ஊரின் பெயரென்றே கொள்ளப்படும்.

மாணவன் வரிசையைச் சரியாகவே எழுதியிருந்தான். பிழை வேறிடத்தில் இருந்தது. பெயர் வருமிடத்தில் அவன் 'ஸ்லக்' என்னும் வகையைக் குறித்திருந்தான். ஆங்கில எழுத்து, எண், இணைகோடு, அடிக்கோடு ஆகியவற்றையன்றி வேறெதனையும் அது வாயிலுள் விடாது. தமிழ்ப் பெயர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

பெயரிலிருந்து தானே முகவரி ஆக்கும் கருவியொன்றும் அச்சட்டகத்தில் உண்டு. பிறமொழி எழுத்துக்களையும் ஏற்கும்படி அதற்குக் கட்டளையிட்டுப் பார்த்தோம். 'மன்னார்' என்பது 'மனனர' என்று வந்தது! புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தின் உறுப்பென்று அக்கருவி கருதுவதில்லை, களைந்துவிடுகின்றது. அவ்வாறாயின் 'கல்' என்பதும் 'கால்' என்பதும் ஒரே 'கல' ஆகிவிடும். இரு வீட்டுக்கு ஒரே முகவரி என்றால் கடிதம் எவர் கைக்குச் சேரும்?

பரிகாரம் எளிது. சாய்கோடு நீங்கலாக எவ்வெழுத்தையும் ஏற்கும் வகையை அவ்விடத்தில் அமைத்தோம். அதன் முன்னே ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண்ணும் கொடுத்தோம். பக்கத்தைக் காட்டுவது எண். வாசகருக்கு உணர்த்துவது பெயர். எழுத்துக்கூட்டல் பின்னர் திருத்தப்பட்டாலும் எண் மாறாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் நம்மவர் மின்னூலகமும் நூல்தோறும் ஓர் எண் வழங்கியிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பர்.

எண்ணால் வேறொரு நன்மையும் உண்டு. தமிழ் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது, பெரும்பாலும் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரியும். பதினொரு குறிகளாலான 'உயிலங்குளம்' 99 குறிகளாக நீளும். அதனைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் எவர் தட்டச்சிட்டு முடிப்பர்? எண் மட்டும் கொண்ட குறுவழியொன்றும் உடனிருந்தால் போதும்.

புறப்படும்போது அவன், "பழைய முகவரிகளை அழித்துவிடட்டுமா, சேர்?" என்று கேட்டான். வேண்டாமென்றேன். அவற்றை எவரோ எங்கோ குறித்து வைத்திருப்பர். 'நிலையாக இடம் மாறியது' என்பதைத் தெரிவிக்க 301 என்னும் குறியீடு இருக்கின்றது. பழைய வாயிலைத் தட்டியவரை அது புதிய வாயிலுக்கு அழைத்துச் செல்லும்.

போர்க்காலத்தில் வீடு விட்டுப் போனவர்களின் பெயருக்கு வந்த கடிதங்கள், போன இடம் சொல்ல ஆளின்றித் திரும்பியதை நம் தலைமுறை அறியும். இடம் மாறுதல் சில வேளை தவிர்க்க முடியாதது. போன இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது நம்மால் இயன்றதே. மாணவர்களே, முகவரி வகுப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.