பின்கள வீரனுக்கு ஓர் ஏணி

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். கோலைத் தடுத்தவரின் பெயர் பெரும்பாலும் வராது. விளையாட்டுச் செய்திகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் இதை நான் நன்கறிவேன்.

மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் அத்தகைய பின்கள வீரர். இலங்கைத் தேசிய அணிக்காக ஆடியவர். மாலைதீவின் வலென்சியா கழகத்துக்காகவும் ஆடியவர். 2022 பெப்ரவரியில், முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே, மாலேயில் உயிரிழந்தார். புலம்பெயர்ந்த தமிழர் பலர் அவர் பெயரை முதன்முதலாக அறிந்தது அந்த மரணச் செய்தியில்தான் என்று எண்ணுகிறேன்.

அந்த மரணத்தைப் பற்றி நான் இங்கு ஆராயப் போவதில்லை. பந்தை நம்பி வாழ விரும்பிய ஒரு மன்னார் இளைஞர் கடல் கடக்க நேர்ந்தது ஏன் என்பதே என் கேள்வி.

இலங்கைத் தேசிய அணியில் ஆடிய இன்னொரு பின்கள வீரர் மார்வின் ஹமில்டன். லண்டனில் பிறந்தவர். ஜில்லிங்ஹாம் கழகத்தில் தொடங்கி, பின்னர் கீழ்நிலைக் கழகங்களில் ஆடி வந்தவர். அவர் பெரும் நட்சத்திரம் அல்லர். ஆயினும் அவருக்கு அங்கே ஓர் ஏணி இருந்தது. இங்கிலாந்தின் முதல் நான்கு பிரிவுகளில் மட்டும் 92 கழகங்கள் உள்ளன. அவற்றின் கீழும் படிகள் இறங்கிச் செல்கின்றன. மேற்படியில் இடம் கிடைக்காதவருக்கு அடுத்த படியில் வாராவாரம் ஆட்டம் உண்டு.

வன்னிப் பெருநிலப்பரப்பில் அந்த நடுப்படிகள்தாம் இல்லை. ஆர்வத்துக்குக் குறைவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஊருக்கு ஊர் கழகங்கள் இருக்கின்றன. ஆனால், பெரும்பாலும் நடப்பவை நினைவுக் கிண்ணத்துக்கான விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள். அவற்றிலும் பல, அணிக்கு 7 பேர், 9 பேர் என ஆடப்படுபவை. இத்தகைய போட்டி ஒரு நல்ல முன்கள வீரனை ஒரே மாலையில் அடையாளம் காட்டிவிடும். பின்கள வீரனை அது உருவாக்காது. அருகில் நிற்பவனோடு இசைந்து நகர்வதும், எதிரியின் ஓட்டத்தை முன்கூட்டியே கணிப்பதும் பல பருவங்கள் தொடர்ந்து ஆடினால் மட்டுமே கைகூடும்.

2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடந்தபோது முல்லைத்தீவு, வவுனியா பெயர்களைத் தாங்கிய அணிகளும் களம் இறங்கின. நல்ல முயற்சி. ஆண்டுதோறும் தவறாது நடந்தால்தான் அத்தகைய தொடர் ஏணியாகும். கொழும்பை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கைச் சம்மேளனத்தையே ஃபிஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது.

போர் தின்ற மண்ணில் வீடும் தொழிலும் இருக்கப் பந்து எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், கிண்ணங்களுக்கும் விழா மேடைகளுக்கும் புலம்பெயர்ந்தோர் பணம் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதே பணத்தை நடுவர் கூலிக்கும், பயணச் செலவுக்கும், பயிற்றுநர் ஊதியத்துக்கும் மாற்றி, மூன்று மாவட்டங்களுக்கும் மன்னாருக்கும் பொதுவாக, ஆறு மாதம் நீளும் ஒரு லீக்கை நடத்தலாமே என்பதுதான் என் வேண்டுகோள். அடுத்த கிண்ணத்துக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.