வெயில் ஊரில் வெளிச்சப் பஞ்சம்

சேரன்மகாதேவியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 37 நிமிடம். மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 38 நிமிடம். மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். ஒஸ்லோவில் டிசம்பர்ப் பகல் ஆறு மணி நேரத்தைக்கூட எட்டாத நாட்கள் உண்டு. இன்னும் வடக்கே ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பருவகால மனச்சோர்வு நம் ஊர் நோயல்ல என்று பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் "மந்தாரம் போட்டா கையும் ஓட மாட்டேங்கு, காலும் ஓட மாட்டேங்கு" என்று சொல்வதை நம்மில் யார் கேட்டதில்லை? கேட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையை எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும் என்பதே இந்த இதழின் கோரிக்கை.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதை விவரித்த நார்மன் ரோசென்தால், வெயில் கொழிக்கும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். குளிர்காலம் தன்னையே முடக்கிப்போடுவதை அங்கேதான் உணர்ந்தார். கண்ணில் படும் கடும் ஒளி மனிதரின் மெலடோனின் சுரப்பை அடக்குகிறது என்று ஆல்ஃபிரட் லூயியும் சக ஆய்வாளர்களும் 1980இல் காட்டியிருந்தார்கள். அந்த ஆய்வில் சாதாரண அறை வெளிச்சத்துக்கு அந்த வலு இருக்கவில்லை. 2,500 லக்ஸ் தேவைப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1984இல் ரோசென்தால் குழுவினர் 29 நோயாளிகளை விவரித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள். ஒளி மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்துபோகிறோம். கீழே திரும்ப வருகிறேன்.

பிறந்த இடத்திலேயே இந்த நோயைப் பற்றிக் கருத்து வேறுபாடு தீரவில்லை. 2016இல் 34,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களை ஆராய்ந்த ஒரு குழு, மனச்சோர்வு பருவத்தோடும் பகல் நீளத்தோடும் கூடிக் குறைவதாகத் தெரியவில்லை என்றது. எனவே நம் பள்ளத்தாக்கிலும் இந்த நோய் உண்டு என்று நிறுவப் புறப்படுவது வீண் வேலை. நமக்கு உதவக்கூடிய கேள்வி வேறு: நம்மிடம் வருகிறவரின் கண்ணுக்கு ஒரு நாளில் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது?

பகல் நீளத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உச்சி வெயிலில் திறந்தவெளி ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். மந்தாரமான நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஒற்றை டியூப்லைட் எரியும் அறையில் நூறு, இருநூறைத் தாண்டுவதே பெரிது. மெலனாப்சின் என்ற நிறமியுள்ள விழித்திரைச் செல்கள் மூளையின் நாள்கடிகாரத்துக்கு நேரடியாகச் சேதி அனுப்புகின்றன என்பது 2002இலிருந்து உறுதியாகத் தெரியும். அந்தச் செல்களுக்கு டியூப்லைட் பகலில்லை. அவற்றைப் பொறுத்தவரை அந்த அறையில் நாள் முழுக்க அந்திதான்.

இனி ஒரு வளவு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கமெல்லாம் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். இரு பக்கமும் பொதுச்சுவர். வெளிச்சம் வருவது முன்வாசல் வழியாக மட்டும். பட்டாசலைத் தாண்டினால் அடுக்களை வரை இருட்டு. மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், பக்கத்தில் நூலும் கத்தரியும். காற்றடித்தால் தூள் பறக்கும் என்று மின்விசிறியைக்கூடப் போடுவதில்லை. மற்ற மாதங்களில் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றுவார்கள். அடைமழையில் இலையும் தூளும் நமுத்துப் போகும் என்று உள்ளே போய்விடுகிறார்கள், கதவும் சாத்தப்படுகிறது. அந்தப் பெண் ஒரே நாளில் வெளிச்சத்தையும் பேச்சுத்துணையையும் இழக்கிறாள். பகல் அதே பதினொன்றரை மணி நேரம்தான், ஆனால் அவள் இருப்பது வேறொரு நாட்டுக் குளிர்காலத்தில். நாள் முழுதும் புகையிலையைத் தொடும் கைவழியே நிகோடின் உடலுக்குள் போவதும், அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய விஷயங்கள்.

மார்கழியில்தான் எல்லாப் பெண்களும் விடிவதற்கு முன் எழுந்து கோலம் போடுகிறார்களே, காலை வெளிச்சம் கிடைக்காதா என்று கேட்கலாம். மார்கழியில் இங்கே சூரியன் எழவே ஆறரை மணி ஆகிவிடுகிறது. கோலம் அதற்கு வெகுமுன்பே முடிந்து, அவள் அடுக்களைக்குள் போயிருப்பாள்.

நம் மேகக்காலம் ஒன்றல்ல, இரண்டு என்பதும் கவனிக்கத் தக்கது. பொதிகை மலையை ஒட்டிய ஊர்களில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரலும் மூட்டமும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. "குளிர்காலத்தில் மனம் சோர்கிறதா?" என்று வெளிநாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக் கேட்டால், கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் ஒன்றும் விளங்காது. சாரல் மாதமா, அடைமழை மாதமா, பங்குனி வெயிலா என்று மாதப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மழையில் வரும் சோர்வையெல்லாம் வெளிச்சத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. மழை பிடித்தால் செங்கல் சூளையில் வேலை நிற்கும். பத்தமடையில் கோரை காயாது. நமுத்த பீடியைக் கழித்துப் போட்டால் கூலி குறையும். பிசான நடவு மூழ்கினால் வட்டிக்கு வாங்கிய பணம் கண்முன் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையையும் தூத்துக்குடியையும் புரட்டிப்போட்ட பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவருக்கு, அடுத்த மார்கழியில் ஓட்டின் மேல் சடசடவென்று மழை விழும் சத்தமே போதும், நெஞ்சு படபடக்க. அதற்கு வெளிச்சம் மருந்தாகாது. அமெரிக்க வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம், ஆண்டுதோறும் அதே பருவத்தில் வேலை இழப்பது போன்ற நெருக்கடியால் வரும் சோர்வைப் பருவகால வகையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அந்த விதிப்படி நம் நோயாளிகளில் பலர் விலக்கப்பட்டுவிடுவார்கள். விலக்கப்படுவது பெயரிலிருந்துதான், சிகிச்சையிலிருந்து அவர்களை விலக்க நமக்கு உரிமையில்லை. கூடுதல் தூக்கம், சோற்றின் மேலும் இனிப்பின் மேலும் தீராத ஆவல், எடை ஏறுவது ஆகியவை சேர்ந்திருந்தால் ஒளிக்குறைவை முதலில் சந்தேகியுங்கள். தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை என்றால் கடனையும் வெள்ளத்தையும் முதலில் விசாரியுங்கள். இரண்டும் கலந்து வருபவர்களும் உண்டு.

வைட்டமின் டி பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வெயில் இல்லையென்றால் டி குறையும், டி குறைந்தால் மனம் சோரும், ஆகவே மாத்திரை கொடு என்று நம் ஓ.பி.க்களில் ஒரு சங்கிலி ஓடிக்கொண்டிருக்கிறது. குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் கொடுக்கத்தான் வேண்டும். மனச்சோர்வைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 18,000க்கும் மேற்பட்ட நடுவயதினரும் முதியோரும் ஐந்தாண்டுக்கு மேல் தினமும் 2,000 யூனிட் டியோ வெற்று மாத்திரையோ எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு வருவதில் வித்தியாசம் இல்லை. தோலில் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் நண்பகலை ஒட்டித்தான் போதுமான அளவு கிடைக்கும். சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நாள்கடிகாரத்தைத் திருத்தும் வெளிச்சமோ கண் வழியே போவது. அதற்குக் காலைநேரம்தான் ஏற்றது. இவை இரண்டு வேறு மருந்துகள். ஒன்றுக்கு எழுத வேண்டிய சீட்டை இன்னொன்றுக்கு எழுதுகிறோம்.

நம் வார்டுகளின் நிலை இதைவிட வருத்தம் தருகிறது. கனடாவின் எட்மண்டனில் 1996இல் வெளியான ஆய்வில், வெயில் விழும் அறையில் இருந்த மனச்சோர்வு நோயாளிகள் சராசரியாக 16.9 நாளில் வீடு திரும்பினார்கள். மங்கலான அறையில் இருந்தவர்களுக்கு 19.5 நாள் ஆனது. மிலானில் 2001இல், கிழக்கு பார்த்த அறையில் இருந்த இருமுனை நோயாளிகள் மூன்றரை நாளுக்கு மேல் முன்னதாகவே வெளியேறினார்கள். இங்கே மனநலப் பிரிவு என்றாலே கட்டடத்தின் கடைசிக்கோடி, அட்டை அடித்து மூடிய சன்னல். பாதுகாப்புக்குக் கம்பி வேண்டும். வெளிச்சத்தை எதற்காக அடைக்கிறோம்? மிகவும் சோர்ந்தவரின் கட்டிலைக் கிழக்குச் சன்னல் பக்கம் நகர்த்த எந்தக் கோப்பிலும் கையெழுத்துத் தேவையில்லை.

ஒஸ்லோவிலும் டொரன்டோவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோரும் இப்போது பெருகிவிட்டார்கள். அங்கே இருப்பது அசல் குளிர்கால இருட்டு. 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி முன் காலையில் அரை மணி நேரம் என்பது அங்கே நிலைபெற்ற சிகிச்சை. அங்குள்ள மருத்துவரிடமே அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

நமக்குப் பெட்டி வேண்டாம், வாசல் போதும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், மூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் திண்ணையிலோ கூரை இறக்கத்தின் கீழோ வெளியே பார்த்து உட்காரச் சொல்லுங்கள். பீடி சுற்றுபவரானால் சுளகோடு உட்காரட்டும். கிராமச் செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரும் வீடு வீடாகப் போகும்போது இதைச் சொல்ல முடியும். அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்து நமக்குச் சொல்லவும் முடியும்.

எழுதிக் கொடுக்கும் முன் மருந்துச் சீட்டை ஒருமுறை பாருங்கள். குளோர்ப்ரோமசின் எடுப்பவருக்கு வெயில் பட்டால் தோல் கன்றிவிடும். டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைத்து உடலைச் சூடேற்றும். லித்தியம் எடுப்பவர் வெயிலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். இவர்களுக்கு நிழலோடு கூடிய காலை வெளிச்சம் மட்டும். நண்பகல் வெயில் வேண்டாம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு ஒளி அதிகமானால் பித்துநிலை கிளம்பலாம். மனநிலைச் சீராக்கி மருந்து போதிய அளவில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். தூக்கம் திடீரெனக் குறைந்தாலோ பேச்சு கூடினாலோ மறுசந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் அன்றே அழைத்துவர வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள்.