பன்பாய்க்குப் பாராட்டு வேண்டாம், ஓடர் வேணும்

காபட் என்றால் மட்டக்களப்பில் முதலில் ஞாபகம் வருவது வீடு இல்லை, வீதி. "உங்கட ரோட்டுக்கு காபட் போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். வீட்டுக்குள் என்றால் வசதி உள்ளவர்கள் டைல்ஸ் பதிக்கிறார்கள். மற்றவர்கள் கடை வாசலில் சுருளாக நிற்கும் பிளாஸ்டிக் விரிப்பை மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கி வந்து சீமெந்துத் தரைக்கு மேலே விரிக்கிறார்கள். பூப்போட்டது, மரப்பலகை மாதிரிப் போட்டது, எல்லாம் இருக்கு.

நான் எழுத வந்தது அந்த விரிப்பைப் பற்றி. இன்னும் சரியாச் சொன்னா, அது வந்ததால் இடம் இழந்த பன்பாயைப் பற்றி.

வீட்டு அலங்கார வீடியோக்கள் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இப்ப அங்கே 'சஸ்டெய்னபிள்' என்பதுதான் மந்திரம். சணல், கோரை, தும்பு என்று இயற்கை நாரில் செய்த விரிப்புகளை வரவேற்பறையில் போட்டுக் காட்டுகிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பொருளைப் பார்த்தால், "அட, இது பெத்தா வீட்டுப் பாய்தானே" என்று தோன்றும். குளத்தோரத்திலும் சதுப்பிலும் வளரும் பன் என்ற கோரை இனப் புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, கொஞ்சத்தைச் சாயத்தில் அவித்து, நிலத்தில் இருந்து கையால் இழைப்பதுதான் பன்பாய். அதற்கு மின்சாரம் தேவையில்லை. பழசாகிப் போனால் வளவுக்குள்ளேயே உக்கி மண்ணாகிவிடும்.

பிளாஸ்டிக் விரிப்பு அப்படிப் போகாது. தரைக்கு ஒட்டுகிற மாதிரி வரும் விரிப்புகளில் பல பி.வி.சி.யால் ஆனவை. அதைத் திறந்த வெளியில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைட் புகையும் டயொக்சின் வகை நச்சுகளும் வெளியே வரும். பிரதேச சபையின் குப்பை உழவு மெஷின் எட்டாத ஒழுங்கைகளில் கிழிஞ்ச விரிப்பு கடைசியில் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வளவு மூலையில் நெருப்பு, இல்லாவிட்டால் வாவிக் கரை.

இவ்வளவோடு நிறுத்தி, 'ஆகவே பாரம்பரியத்தைக் காப்போம்' என்று முடித்துவிடலாம். கம்பஸில் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அந்த வசனம் நல்லாப் பழக்கம். ஆனால் அது நியாயம் இல்லை. எங்கட அம்மம்மாமார் பாய் இழைப்பதை விட்டது பாரம்பரியத்தை மறந்ததால் இல்லை. பன் அறுக்கத் தண்ணிக்குள் நிற்க வேணும், அட்டை கடிக்கும். நாள்கணக்கில் குனிஞ்சு இருந்தால் நாரி விட்டுப் போகும். இவ்வளவும் செய்து சந்தைக்குக் கொண்டு போனால், வாங்குகிறவர் பிளாஸ்டிக் பாயின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுவார். பொருள் மண்ணுக்கு நல்லது, செய்த பெண்ணுக்கு மட்டும் கட்டாது என்றால் அதை 'நீடித்து நிலைக்கும் உற்பத்தி' என்று எப்படிச் சொல்வது? நிலைக்கவில்லையே!

இந்த இடத்தில் தூரத்து உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் ரே அன்டர்சன் என்பவர் 1973இல் தொடங்கிய இன்டர்ஃபேஸ் என்ற நிறுவனம், அலுவலகங்களுக்குச் சதுரத் துண்டுகளாகக் காபட் செய்கிறது. 1994இல் அவர் போல் ஹோக்கன் எழுதிய சூழலியல் புத்தகம் ஒன்றை வாசித்துவிட்டு, பெற்றோலியத்தில் தங்கியிருந்த தன் தொழிலையே மாற்றத் தொடங்கினார். 2020க்குள் சூழலுக்குச் செய்யும் கேட்டைப் பூச்சியமாக்குவது என்பது இலக்கு. அவர் 2011இல் இறந்த பிறகும் வேலை தொடர்ந்தது. 2012இல் அதே நிறுவனம் லண்டன் விலங்கியல் சங்கத்தோடு சேர்ந்து பிலிப்பைன்ஸின் மீனவ ஊர்களில் 'நெட்வேர்க்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கடலிலும் கரையிலும் கிடந்த பழைய நைலோன் வலைகளை ஊர்ச்சனங்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். நைலோன் 6 என்ற வகையை இரசாயன முறையில் அதன் மூலப்பொருளாகவே பிரித்து மீண்டும் நூலாக்க முடியும். அக்வாஃபில் என்ற இத்தாலிய நிறுவனம் அதைச் செய்தது. அந்த நூல் காபட் ஆனது.

இதை ஏன் சொல்கிறேன்? குருக்கள்மடம் துறையில் பாதை ஏறி அம்பிளாந்துறைக்குப் போகிறவர்கள் தண்ணியைக் கொஞ்சம் பாருங்கள். கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. கண்டல் வேர்களில் கிழிஞ்ச வலை சிக்கிக் கிடக்கும். அந்த வலைக்கு எங்களிடம் பெயர் குப்பை. பிலிப்பைன்ஸில் அது ஒரு மீனவக் குடும்பத்தின் வருமானம். நாளைக்கே இங்கே தொழிற்சாலை கட்டுங்கோ என்று கேட்கவில்லை. ஆனால் அந்தத் திட்டம் நடந்தது யாரும் வலை பொறுக்கியவர்களைப் பாராட்டியதால் இல்லை. நிலையாக வாங்குவதற்கு ஒரு ஆள் இருந்ததால்.

பன்பாய்க்கு இல்லாததும் அதுதான். எங்களிடம் கண்காட்சி இருக்கு, கைப்பணி விழா இருக்கு. பிரதம விருந்தினர் பாயைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, போய்விடுவார். கண்டிப் பக்கத்து தும்பறைப் பாயைப் பாருங்கள். 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலிலே அந்தக் கலை சேர்ந்தது. பெருமைதான். ஆனால் இன்று அது அதிகமாகச் சுவரில் தொங்குகிறது, பையாகவும் குஷன் உறையாகவும் வருகிறது. சுவருக்குப் போனது தப்பில்லை, அதுவும் ஒரு சந்தை. ஆனால் ஒரு வீட்டில் சுவர் அலங்காரம் ஒன்றோ இரண்டோதான் வாங்குவார்கள். தரை எல்லா வீட்டிலும், எல்லா ஹோட்டலிலும் இருக்கு.

"மாரி மழைக்குப் பாய் பூஞ்சணம் பிடிக்குமே?" என்று கேட்பீர்கள். பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் எங்கட வீடுகளில் எதுதான் பிடிக்காது? அதற்குத்தான் அந்தச் சதுரத் துண்டு யோசனை உதவும். முழுப் பாயாக இழைக்காமல் சின்னச் சின்னச் சதுரங்களாக இழைத்துச் சேர்த்துத் தைத்தால், பழுதான துண்டை மட்டும் கழட்டி மாற்றலாம். அடியில் தும்பு விரிப்பும் இயற்கை றப்பர் பாலும் சேர்த்தால் தரையில் வழுக்காது. தும்பும் றப்பரும் இந்த நாட்டிலேயே விளைகிறவை.

காசு சரியான ஆளிடம் போகிறதா என்பதற்கும் முன்மாதிரி உண்டு. இந்தியாவில் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994இல் தொடங்கிய 'ரக்மார்க்' (இப்ப 'குட்வீவ்') சிறுவர் உழைப்பில்லாமல் நெய்த கம்பளங்களுக்கு இலக்கமிட்ட முத்திரை கொடுத்தது. அந்த இலக்கத்தை வைத்து எந்தத் தறியில் நெய்தது என்று தேடிப் போகலாம். எங்கட பாயிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கட்டும். எத்தனை மணித்தியாலம் எடுத்தது, இழைத்தவருக்கு எவ்வளவு போனது என்ற இரண்டு வரி போதும். ஒரு நாள் கூலிக்குக் குறைவாக வந்தால் 'சஸ்டெய்னபிள்' என்ற சொல்லை அதில் ஒட்டக்கூடாது.

அடுத்தது பன். பாயைப் பற்றிப் பேசுகிற பலர் புல்லைப் பற்றிப் பேசுவதில்லை. குளத்தோரச் சதுப்பை மண் போட்டு நிரப்பினால் பன் எங்கே முளைக்கும்? அந்த நிலங்களைப் பாதுகாத்து, அறுக்கும் உரிமையை இழைக்கிறவர்களின் சங்கத்துக்குக் கொடுப்பது பிரதேச செயலகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

எங்களால் என்ன முடியும்? இந்தக் கரையில் புதுசு புதுசா விடுதிகள் வருகின்றன. சுவரில் மீன்மகள் படம் வரைந்துவிட்டு, தரைக்கு இறக்குமதி பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற, அங்கே படம் எடுக்கப் போகிற ஆக்கள் நாங்கள்தான். "இது எங்க வாங்கினீங்க? பன்னில போட ஏலாதா?" என்று கேளுங்கள். திருமண மண்டபத்தில் கேளுங்கள். கம்பஸ் நிகழ்வுக்கு மேடை விரிப்பு எடுக்கிற குழுவில் நீங்கள் இருந்தால், அளவு சொல்லி, முற்பணம் கொடுத்து, ஒரு ஓடர் போடுங்கள். விலை கூடத்தான் வரும். பேரம் பேசாதீர்கள்.