சதுப்பு நிலம் கேட்கும் கணக்கு

பொறுப்பைப் பலருக்குப் பங்கிட்டுவிட்டால் குற்றம் எவரையும் சாராது போய்விடும். ஆட்சி மன்றங்களில் இது மிகப் பழைய தந்திரம். சென்னை மாநகரின் தென்பால் கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இதற்கு நல்லதொரு சான்றாகும். துறைகள் பல ஒன்றுகூடி அதனை ஆராயப் போகின்றன, சீரமைக்கப் போகின்றன என்னும் அறிவிப்புகளை அடிக்கடி கேட்டு வருகின்றோம். அவை கூடுவதை நாம் குறை கூறவில்லை. கூடிய பின் கணக்குக் காட்டுவோர் யாவர் என்பதே நம் வினா.

அந்நிலம் செய்யும் பணிதான் என்ன? சுற்றுமுள்ள ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி வழிந்து, ஈற்றில் இங்கு வந்து தங்குகின்றது. நாணலும் கோரையும் செறிந்த அவ்வெளி வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அதன் வழியே கோவளம் கழிமுகத்துக்கும் மெல்ல மெல்ல அனுப்புகின்றது. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் அங்கு இரை தேடுகின்றன. முன்னோர் அதனைக் கழுவெளி என்றனர். பின்வந்தோர் பயனற்ற புறம்போக்கு என்றனர். பெயர் மாறியது, அதனுடன் அதன் கதியும் மாறியது.

1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம் இது. இதனை உண்டு தீர்த்தவர் யாவர்? இரவோடிரவாக வந்த கள்வரா? அல்லர். பெருங்குடிப் பக்கத்தில் மாநகரின் குப்பையைக் கொட்டியது உள்ளாட்சி. நடுவே அகன்ற சாலையை இட்டு இரு கூறாக்கியதும் அரசே. அரசு நிறுவனங்களும் கணிப்பொறி நிறுவனங்களும் மாடமாளிகைகளும் எழுந்தது முத்திரையிட்ட அனுமதியோடுதான். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு துண்டைக் கொடுத்தது. எந்தத் துறையும் முழு நிலத்தையும் பார்க்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மிதந்தபோது, வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று புலம்பினோம். வீடல்லவா வெள்ளத்தின் இருப்பிடத்துக்குள் புகுந்தது!

நன்மையே நடக்கவில்லை என்று நாம் கூறோம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாயிற்று. ஈரான் நாட்டின் காஸ்பியன் கடலோர நகரான ராம்சரில் 1971இல் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின் பெயர் அது. ஆயின், ஏட்டில் அறிவித்த எல்லை மண்ணில் எங்கே முடிகின்றது? 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அறிவியல் ஆய்வு முடியும் வரை அத்தலத்திலும் அதனைச் சூழ்ந்த ஒரு கிலோமீட்டர் அளவிலும் கட்டட அனுமதி வழங்கலாகாது எனப் பணிக்க வேண்டியிருந்தது. எல்லை தெரியுமுன்னரே அனுமதி வழங்கியோர், எல்லை காணும் ஆய்வுக்கு மட்டும் அவகாசம் கேட்பது என்ன நியாயம்?

“மக்களுக்கு வீடு வேண்டாவா?” என்பர் சிலர். வேண்டும். ஆனால் வெள்ளத்தில் நிற்கும் வீடு வேண்டா. ஏழையின் குடிசையைப் பெயர்த்துவிட்டுச் செல்வரின் மாளிகையைக் காக்கும் சீரமைப்பும் வேண்டா. மக்களும் சதுப்பு நிலமும் பகைவரல்லர். கிழக்குக் கொல்கத்தாவில் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் மீனவரும் உழவரும் நகரின் கழிவுநீரைக் கொண்டே மீனும் பயிரும் வளர்க்கின்றனர். நகருக்கு நீரும் தூய்மையாகின்றது. 2006இல் அதற்கெனத் தனிச் சட்டமும் அதிகாரமுள்ள ஆணையமும் அமைந்தன. ஆக்கிரமிப்பு அங்கும் ஓயவில்லை என்பது மெய்யே. எனினும் எவரிடம் முறையிடுவது என்பதாவது அங்கு தெரியும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. எல்லைக்கற்கள் நடப்பட்டு, புல எண்களுடன் மக்களறிய வெளியிடப்பட வேண்டும். வனத்துறை, மாநகராட்சி, நீர்வளத்துறை, வருவாய்த்துறை ஆகிய அனைத்தும் ஒரே பொறுப்பாளரின்கீழ் நின்று, ஆண்டுக்கொருமுறை செய்ததையும் செய்யாததையும் அறிக்கையாகத் தர வேண்டும். ஆய்வு நடக்கும் காலத்தில் ஒரு கூடை மண்ணும் அங்கு விழலாகாது. நோயாளியைச் சோதிக்கும்போதே நஞ்சூட்டும் மருத்துவம் எங்கேனும் உண்டா?

அரசை மட்டும் கேட்டு நாம் தப்பிவிடவும் இயலாது. அயல்நாட்டில் உழைத்து ஈட்டிய பொருளைக் கொண்டு சென்னையின் புறநகரில் மனை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கின்றோம். அந்த மண்ணில் முன்பு நீர் நின்றதா என்று பார்க்கின்றோமா? வாங்குவோர் உள்ளவரை விற்போர் ஓயார். ஏரியும் சதுப்பும் நம் தந்தையர் நமக்கு விட்டுச்சென்ற சொத்தல்ல. நம் மக்களுக்குரிய அமானிதம். அமானிதத்தைக் கூறுபோட்டு விற்போருக்கும், விலை மலிவென்று அதனை வாங்குவோருக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு?

மழை எந்தத் துறையின் கோப்புக்கும் காத்திராது. அடுத்த கார்காலத்துக்குள் எல்லைக்கற்களேனும் நடப்படட்டும்.