ரெனோவேஷனா, ரீமாடலிங்கா? சுவரை உடைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"வீட்ல ஆல்ட்ரேஷன் வேலை நடக்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பெயின்ட் அடிப்பதும் ஆல்ட்ரேஷன்தான், ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுப்பதும் ஆல்ட்ரேஷன்தான். ஆனால், இரண்டும் ஒரே வேலை இல்லை.

என்ன வித்தியாசம்?

இருப்பதைச் சரிசெய்து புதுசாக்குவது ரெனோவேஷன். விரிசலைப் பூசுவது, பழைய டைல்ஸ், பைப், ஒயரிங்கை மாற்றுவது எல்லாம் இதில் வரும். பாத்ரூம் அதே இடத்தில் பாத்ரூமாகவே இருக்கும். பளிச்சென்று ஆகும், அவ்வளவுதான்.

வீட்டின் அமைப்பையோ ஓர் அறையின் பயன்பாட்டையோ மாற்றுவது ரீமாடலிங். சுவரை எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்குவது, பால்கனியை மூடி ஆபீஸ் ரூம் ஆக்குவது, பாத்ரூமை இடம் மாற்றுவது இந்த ரகம்.

இது ஏன் முக்கியம்?

பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் மேல்தளத்தின் எடையை அவைதான் தாங்கும். ஆனால், சென்னை உட்பட பல ஊர்களில் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் பில்லரே கிடையாது. 9 இன்ச் செங்கல் சுவர்தான் தாங்கி நிற்கிறது. பூசி பெயின்ட் அடித்த பிறகு, எந்தச் சுவர் எடை தாங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. தவறான சுவரை எடுத்தால் மேல்வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

பாத்ரூமை இடம் மாற்றுவதிலும் இதே கதைதான். கழிவுநீர் பைப்புக்குச் சரியான வாட்டம் இல்லாமலோ வாட்டர்ப்ரூஃபிங் சரியாகச் செய்யாமலோ விட்டால், கீழ்வீட்டு சீலிங்கில் ஒழுகும்.

அனுமதி வேணுமா?

பெயின்ட், பூச்சு, டைல்ஸ் போன்ற வேலைகளுக்குப் பொதுவாகத் தேவையில்லை. கூடுதல் அறை, மாடி என்று கட்டட அளவு கூடினால் அனுமதி அவசியம். ஃப்ளாட் என்றால் குடியிருப்போர் சங்கத்திடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

கொட்டேஷன் வாங்கும்போதே, எந்தச் சுவரில் கை வைக்கப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு சுவரை எடுப்பதாக இருந்தாலும், முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்துக் காட்டுங்கள். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான். ஆனால், "ஒண்ணும் ஆகாது சார்" என்ற வார்த்தையை மட்டும் நம்பி சுவரை உடைக்கக் கூடாது. இன்ஜினியருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவு இல்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் நம் வீட்டு ஆட்கள் தூங்குகிறார்கள்.